குளியலறைச் சுவருக்குள் ஒரு காவடி

மயிலத்தில் இருக்கும் அக்கா போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "பாத்ரூம் சுவரை உடைச்சாச்சுடா. பழைய குழாயெல்லாம் பேத்து எடுத்துட்டோம். அத்தைக்குக் குனிஞ்சு மொண்டு ஊத்திக்க முடியல, ஷவர் வெச்சிடலாம்னு பார்க்கறோம். திண்டிவனத்துல கடைக்காரர் நாலு விதமா வால்வு காட்டறார். அதுல ஒண்ணு சூட்டைத் தானாவே சரிபண்ணிக்குமாம். வாங்கலாமா?"

அத்தை, அக்காவின் மாமியார். எழுபதைத் தாண்டியவர். நெடுநாள் சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துவிட்டன. வெந்நீர் காலில் விழுந்தால் நமக்கு உறைப்பதுபோல் அவருக்கு உறைக்காது. ஆகவே கேள்வி எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதோடு முடியவில்லை. டைல்ஸ் ஒட்டிச் சுவரை மூடிவிட்டால் பதினைந்து, இருபது வருடத்துக்கு அந்த வால்வை யாரும் தொடப்போவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மூட வேண்டும்.

கடைக்காரர் காட்டிய தாள்களை அக்கா படம் எடுத்து அனுப்பினாள். 'ஸ்பா அனுபவம்', 'வெளிநாட்டுத் தொழில்நுட்பம்', 'அருவியில் நனையும் சுகம்'. எவ்வளவு நீரழுத்தத்தில் அந்த அருவி கொட்டும் என்பது கடைசிப் பக்கத்தின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது: குறைந்தபட்சம் 0.5 பார். முழுத் தாளிலும் அக்காவுக்குப் பயன்படும் வரி அது ஒன்றுதான்.

மூன்றுக்கு ஐந்து

குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவர் திடீரென்று சுடுகிறது. பலரும் பட்டு அறிந்த அனுபவம் இது. கணக்கைப் பார்ப்போம்.

கீசரில் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ். மாடித் தொட்டியில் இருந்து வரும் பச்சைத் தண்ணீர் 28 டிகிரி. மேலுக்கு இதமாக 40 டிகிரி வேண்டும். அதற்கு மூன்று பங்கு வெந்நீருக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர் சேர வேண்டும். கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பி நாம் பிடிப்பது இந்த மூன்றுக்கு ஐந்தைத்தான்.

அந்த நேரத்தில் சமையலறைக் குழாய் திறக்கிறது. பச்சைத் தண்ணீரின் வரத்து பாதியாகிறது என்று வையுங்கள். இப்போது மூன்றுக்கு இரண்டரை. ஷவரில் விழும் தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டிவிடும். கழிப்பறைத் தொட்டியும் சேர்ந்து நிரம்பத் தொடங்கினால் இன்னும் ஏறும். பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுபோனால் தலையில் விழுவது கீசரின் முழு 60 டிகிரி.

நம் தோலின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதம் ஒன்று சுமார் 43 டிகிரியில் விழித்துக்கொள்கிறது. மிளகாயின் காரத்துக்கும் விழிப்பது அதே புரதம்தான். அதைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாம் சட்டென்று துள்ளி விலகுவது அந்த மணி அடிப்பதால். அத்தையின் பாதத்தில் அந்த மணி அடித்தாலும் சேதி மூளைக்குப் போய்ச்சேருவதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு தீக்காயத்தை நேரத்தோடு சேர்த்து அளந்தது. 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். இடையில் இருப்பது வெறும் 11 டிகிரி. விலக முடியாதவருக்கு அதுவே புண்ணுக்கும் புண்ணின்மைக்கும் நடுவே உள்ள தூரம்.

ஏன் நம் வீடுகளில் அதிகம்?

மயிலம் வீடு தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டை மாடியில் மூன்றடி செங்கல் மேடை, அதன்மேல் தொட்டி. தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கும்போது நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே சுமார் எட்டு அடி, அதாவது 2.4 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அப்படியென்றால் அக்கா வீட்டு ஷவருக்குக் கிடைப்பது 0.24 பார். தாளில் கேட்டிருந்ததில் பாதிகூட இல்லை.

அழுத்தம் குறைவு என்பதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. துளை வழியே பாயும் தண்ணீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் கால்வாசியானால் வரத்து பாதியாகும். சமையலறைக் குழாயைத் திறந்ததும், இரண்டுக்கும் பொதுவான அரை அங்குலக் குழாயின் உராய்வில் 1.8 மீட்டர் அழுத்தம் கரைந்துவிட்டது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2.4-இல் 1.8 போனால் மிச்சம் 0.6. சரியாகக் கால்வாசி. வரத்து பாதி. ஊர் முழுக்க 3 பார் அழுத்தத்தில் குழாயோடும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் இதே 1.8 மீட்டர் கரைந்தால் குறைவது நூற்றுக்கு மூன்று பங்குதான். குளிப்பவருக்குத் தெரியவே தெரியாது. கையில் நூறு ரூபாய் இருப்பவனும் பத்து ரூபாய் இருப்பவனும் ஆளுக்கு ஏழரை ரூபாய் இழப்பதைப்போல.

அழுத்தம் குறைந்த வீட்டில்தான் சூடு அதிகம் ஆடும். பெரிய அழுத்தத்துக்காகச் செய்த வால்வைத்தான் அந்த வீட்டுக்கு விற்கிறார்கள்.

தோள் மாறாமல் தண்டு நகரும்

சூட்டைத் தானாகவே சரிபண்ணிக்கொள்ளும் என்று கடைக்காரர் காட்டிய அந்த அழுத்தச் சமநிலை வால்வைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அதன் உள்ளே இருக்கும் உறுப்பை முதன்முறை கழற்றிப் பார்த்தபோது நான் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கட்டை விரல் அளவு உலோக உருளை. அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்வரும் ஒரு தண்டு. காதருகே வைத்து ஆட்டினால் கிளுகிளுப்பைபோல் 'டக் டக்' என்று சத்தம் வரும். சுருள்வில் கிடையாது, மின்சாரம் கிடையாது, சூட்டை அளக்கும் எதுவும் கிடையாது. அந்தச் சத்தம் வந்தால் உறுப்பு நலமாக இருக்கிறது என்று பொருள்.

தண்டின் நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் வெந்நீர் தள்ளுகிறது, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். இரண்டும் உள்ளே நுழையும் வாசல்கள் அந்தத் தண்டின் ஓரத்தால்தான் திறந்தும் மூடியும் இருக்கின்றன. இரண்டு அழுத்தமும் சமமாக இருக்கும்வரை தண்டு நடுவில் நிற்கும். பச்சைத் தண்ணீரின் அழுத்தம் குறைந்ததும் வெந்நீர் தண்டை அந்தப் பக்கம் தள்ளும். தண்டு நகர்ந்த அதே அசைவில் வெந்நீரின் வாசல் ஒடுங்குகிறது, பச்சைத் தண்ணீரின் வாசல் அகலுகிறது. உள்ளே மீண்டும் சமநிலை. வெளியே அதே மூன்றுக்கு ஐந்து. மொத்தத் தண்ணீர் குறையும், சூடு மாறாது.

மயிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பங்குனி உத்திரத்துக்கு மலையேறும் காவடியைப் பார்த்திருப்பார்கள். தண்டின் இரு முனையிலும் பாற்செம்பு, நடுவில் தோள். படியேறும் வழியில் இடப்பக்கச் செம்பில் பால் சிந்திக் கனம் குறைந்துவிட்டால் காவடி வலப்பக்கம் சாயும். சுமப்பவர் என்ன செய்வார்? தண்டை இடப்பக்கமாக, அதாவது கனம் குறைந்த பக்கமாக, ஓரங்குலம் நகர்த்துவார். கனத்த பக்கத்தின் கை குட்டையாகிறது, இலேசான பக்கத்தின் கை நீள்கிறது. காவடி மட்டத்துக்கு வந்துவிடும்.

வால்வுக்குள்ளும் தண்டு நகர்வது கனம் குறைந்த பக்கம்தான். அங்கும் வலுத்தவனுக்கு இடம் சுருங்குகிறது, மெலிந்தவனுக்கு இடம் விரிகிறது. ஒரே வேறுபாடு, காவடியில் தண்டை நகர்த்துவது சுமப்பவரின் கை; வால்வில் அதை நகர்த்துவது வலுத்த பக்கத்தின் வலுவேதான். தன் மிகுதியால் தள்ளி, தன் வாசலைத் தானே மூடிக்கொள்கிறது வெந்நீர். பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுபோனால் தண்டு முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்கி வெந்நீரை ஏறக்குறைய அடைத்தேவிடும். ஒரு செம்பு முழுக்கக் காலியானால் காவடியையே இறக்கி வைத்துவிடுவதுபோல. சிவகிரியையும் சத்திகிரியையும் காவடியாகக் கட்டிச் சுமந்த இடும்பனுக்குக்கூடத் தோளும் கையும் தேவைப்பட்டன. இங்கே தோளும் தண்டும் கையும் எல்லாம் ஒரே உலோகத்துண்டு.

ஆனால் காவடித் தண்டுக்குச் செம்பில் இருப்பது பாலா பன்னீரா என்று தெரியாது. கனம் மட்டுமே தெரியும். இந்த வால்வுக்கும் அழுத்தம் மட்டுமே தெரியும், சூடு தெரியாது. கீசரில் வெந்நீர் தீர்ந்துகொண்டே வந்தால் ஷவரும் ஆறிக்கொண்டே வரும், வால்வு அதைக் கண்டுகொள்ளாது. சூட்டையே அறியும் வால்வு வேறு வகை. அதற்குள் ஒரு சிறு உறையில் மெழுகு இருக்கும். மெழுகு உருகி விரிந்தால் ஓர் ஊசி நகர்ந்து வெந்நீரை ஒடுக்கும். கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட்டில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1937-இல் ஆல்ஃபிரட் மோயன் என்ற அமெரிக்க மாணவர் இரட்டைக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். அந்த எரிச்சலில் பிறந்தது ஒற்றைக் கைப்பிடிக் குழாய். விற்பனைக்கு வர 1947 ஆயிற்று. 1930-களின் இறுதியில் பாஸ்டனில் பால் சைமன்ஸ் அழுத்தச் சமநிலை வால்வுக்கு உருக்கொடுத்தார். மெழுகு உறை அதே பத்தாண்டில் செர்ஜியஸ் வெர்னெட் செய்தது. எல்லாமே எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு. 'புத்தம் புதிய தொழில்நுட்பம்' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் வாங்கலாமா?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு அக்காவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

தண்டின் குறுக்களவு ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 1.8 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 3 பார் ஓடும் வீட்டில் ஒரு பக்கம் பாதியாகக் குறைந்தால் தண்டின்மேல் விழும் தள்ளு இரண்டரைக் கிலோவுக்கு மேல். மயிலம் வீட்டில் பச்சைத் தண்ணீர் கால்வாசியாகக் குறைந்தாலும் அது முந்நூற்றுச் சொச்சம் கிராம்தான். புதிதாக இருக்கையில் அதுவே போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் நான்கு வருடம் ஓடிய பிறகு போதாது. சூடாகும் தண்ணீர்தான் சுண்ணாம்பை அதிகம் கக்கும். கீசருக்குப் பிறகுள்ள பக்கமே முதலில் படிந்து அடைபடும். தண்டு இறுகிவிட்டால், இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும், காப்பு இருக்காது. அதோடு அந்தக் குறுகிய வாசல்களைக் கடப்பதற்கே தண்ணீர் கொஞ்சம் அழுத்தத்தைக் கொடுத்தாக வேண்டும். இருப்பதே 0.24 பார். அதிலும் பங்கு கேட்டால் ஷவரில் நூல்தான் வரும்.

அதற்குப் பதில் அக்காவுக்கு நான் சொன்னது, குழாயிலேயே காவடி கட்டு என்பது.

தொட்டியிலிருந்து குளியலறைக்கென்று தனியாக ஓர் அங்குலக் குழாய் ஒன்று இறங்கட்டும். சமையலறைக்கு வேறு குழாய். அந்தத் தனிக்குழாய் குளியலறைக்குள் வந்த பிறகு ஒரு 'டீ' போட்டுப் பிரிக்க வேண்டும். ஒரு கிளை நேரே வால்வுக்கு, மறு கிளை கீசர் வழியாக வால்வுக்கு. இப்போது எந்தக் காரணத்தால் அழுத்தம் குறைந்தாலும் பிரிவதற்கு முன்பே குறைகிறது. இரு செம்பிலும் ஒரே அளவு பால் சிந்துகிறது. தண்டு அசையத் தேவையே இல்லை. மூன்று ஒன்றரையாகும்போது ஐந்தும் இரண்டரையாகும். ஷவர் மெலியும், சூடு 40 டிகிரியிலேயே நிற்கும்.

குழாயின் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே அளவு தண்ணீர் பாயும்போது உராய்வில் கரையும் அழுத்தம், விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் மாறும். அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக்கினால் இழப்பு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எந்த விலையுயர்ந்த வால்வும் தர முடியாத லாபம் இது, குழாய் விலையில் கிடைக்கிறது. தொட்டி மேடையை இன்னும் மூன்றடி உயர்த்தினால் அதுவும் நிரந்தர லாபம்.

பம்பு வைப்பதானால் அதுவும் பிரிவதற்கு முன்புதான் வர வேண்டும். விழுப்புரத்தில் நண்பர் வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் பிரஷர் பம்பு மாட்டியிருந்தார்கள். கைப்பிடியை நடுவில் வைத்தால் ஷவரில் பச்சைத் தண்ணீர் மட்டுமே வந்தது. கீசர் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கை இரண்டு முறை கூப்பிட்டார்கள். கீசருக்கு ஒன்றும் இல்லை. பம்பின் வேகத்தில் வந்த பச்சைத் தண்ணீர், வால்வுக்குள் வெந்நீரை வரவிடாமல் வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அது தெரிந்தது, சுவரை மறுபடி உடைத்தார்கள்.

கடைசியாக, கீசரின் சூட்டைக் குறைத்து வைப்பது. தெர்மோஸ்டாட்டை 60-இலிருந்து 50-க்குத் திருப்பினால், பச்சைத் தண்ணீர் முழுக்க நின்றுபோகும் மோசமான நாளிலும் அத்தையின் காலில் விழுவது 50 டிகிரிக்கு மேல் போகாது. அவரை அங்கிருந்து நகர்த்த வீட்டாருக்குச் சில நிமிடம் கிடைக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சுவரை மூடுவதற்கு முன்

சாதாரண ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டர் ஒன்றை, அதாவது சுவருக்குள் புதையும் கலப்பு வால்வை, வாங்கினாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பிளம்பர் தம்பி சுவரில் காடி எடுத்து, டைவர்ட்டரின் உடலை உள்ளே வைத்து ரசமட்டம் பிடித்தார். அதன் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி, மூடியில் இரண்டு கோடுகள். டைல்ஸின் மேற்பரப்பு அந்த இரு கோடுகளுக்கு நடுவே வந்தாக வேண்டும். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டிப் பார்க்காமல் ஆழமாகப் புதைத்துவிட்டால் பிறகு கைப்பிடி எட்டாது. வெளியே தள்ளி வைத்துவிட்டால் வட்டத்தகடு சுவரில் ஒட்டாது. அவர் ஒரு டைல்ஸ் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்து, விரலால் தடவித் தடவி அந்த ஆழத்தைச் சரிபார்த்தார். அளவுகோலை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை அவர் அப்போது மாட்டவில்லை. அதற்குள் இரண்டு பீங்கான் தட்டுகள் கண்ணாடிபோல் வழவழப்பாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். குழாய் அறுத்தபோது விழுந்த சீவலோ ஒரு மணல் பொடியோ நடுவில் சிக்கினால் கீறல் விழும், பிறகு ஆயுள் முழுக்க ஒழுகும். ஆகவே முதலில் வெறும் குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினார். பிறகு முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுக்க விட்டுவைத்தார். மறுநாள் முள் இறங்கவில்லை.

அதன் பிறகு ஒரு சோதனை மட்டும் நான் கேட்டேன். வெந்நீர்க் குழாயின் முனையிலும் பச்சைத் தண்ணீர்க் குழாயின் முனையிலும் ஒவ்வொரு வாளி. கீசர் அணைந்தே இருக்கட்டும், அதன் வழியாகத் தண்ணீர் வந்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தோம். வாளிகளில் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. பாதி வந்ததும் அக்கா சமையலறைக் குழாயைத் திறந்தாள், கழிப்பறைத் தொட்டியையும் இழுத்துவிட்டாள். குளியலறைக்குள்ளேயே இருப்பதால் கழிப்பறைத் தொட்டி கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டது. இரண்டு வாளியிலும் ஓசை சற்றுத் தணிந்தது. ஆனால் இரண்டிலும் ஒன்றுபோல் தணிந்தது. கீசரைச் சுற்றி வர வேண்டியிருந்ததால் வெந்நீர் வாளி விளிம்பைத் தொடக் கொஞ்சம் பிந்தியது. அவ்வளவு வித்தியாசத்தைக் கைப்பிடி பார்த்துக்கொள்ளும்.

சுவர் உடைத்துக் கிடக்கும் எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு வாளி மட்டும் சட்டென்று தேங்கி நின்றுவிட்டால் சுவரை மூடாதீர்கள். நின்றது பச்சைத் தண்ணீர் வாளி என்றால், அதுதான் நாளை உங்கள் வீட்டுப் பெரியவர் காலில் சுடப்போகிற தண்ணீரைக் காட்டுகிறது.

அத்தை வாசலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒண்ணா ரொம்புதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப பூசச் சொல்லு" என்றார். பிளம்பர் தம்பி எழுந்து கொத்தனாருக்கு வழிவிட்டார்.